வாசகர் கேள்வி – பதில்: மருத்துவச் சான்று வரும்வரை பிள்ளை காத்திருக்க வேண்டுமா?

தென்னாப்பிரிக்கப் பள்ளிகளின் முதல் பருவ மதிப்பெண் அறிக்கை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த கையோடு இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் தொனி ஆண்டுதோறும் மாறிவிடும். இந்த முறை பெரும்பாலான கடிதங்கள் ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமையும் மிகைத் துறுதுறுப்பும்), டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம்) என்று மூளை வேறு விதமாக இயங்கும் பிள்ளைகளைப் பற்றியே வந்திருப்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் இடம் தருகிறேன். எழுதியவர்களின் பெயர்களையும் பிள்ளைகளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது, கிரேடு 3. வாயால் கேட்டால் எல்லாம் சொல்வான். நோட்டில் இரண்டு வரிக்கு மேல் எழுத மாட்டான், நாற்காலியில் பத்து நிமிடம் தங்க மாட்டான். "டாக்டர் சான்று கொண்டு வாருங்கள், அதுவரை எங்களால் ஒன்றும் செய்ய முடியாது, ஸ்பெஷல் ஸ்கூலுக்கு இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள்" என்கிறார் ஆசிரியை. அரசு மருத்துவமனையில் ஏழு மாதம் கழித்துத்தான் தேதி கிடைத்திருக்கிறது. தனியாரிடம் காட்டப் பணம் இல்லை. இந்த ஏழு மாதமும் அவன் இப்படியே இருக்க வேண்டியதுதானா? – ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

பதில்: வேண்டியதில்லை, அம்மா. சான்று வந்த பிறகுதான் பள்ளி கை கொடுக்க முடியும் என்பது இந்த நாட்டில் சட்டமும் அன்று, கொள்கையும் அன்று. கல்வித் துறை 2001-இல் வெளியிட்ட ஆறாம் வெள்ளை அறிக்கை என்னும் கொள்கை ஆவணமே, பிள்ளைக்கு என்ன குறை என்று கேட்பதை விட்டு, அவன் கற்பதற்குத் தடையாக நிற்பது எது, அதைத் தாண்ட எவ்வளவு ஆதரவு வேண்டும் என்று கேட்கும்படி பள்ளிகளைத் திருப்பியது. அதைச் செயல்படுத்த 2014-இல் வந்தது எஸ்.ஐ.ஏ.எஸ். என்று சுருக்கிச் சொல்லப்படும் கொள்கை. அதன்படி முதலில் நிரப்ப வேண்டிய படிவம் எஸ்.என்.ஏ. 1. அதை நிரப்ப வேண்டியவர் டாக்டர் அல்லர், வகுப்பாசிரியர்தாம். அதுவும் பெற்றோரான உங்களைக் கலந்துகொண்டு நிரப்ப வேண்டும். பிள்ளைக்கு எது வருகிறது, எது வரவில்லை, இதுவரை என்ன செய்து பார்த்தோம் என்பவற்றை அதில் எழுதி, தம்மால் இயன்ற மாற்றங்களை அவர் வகுப்பில் செய்ய வேண்டும். அது போதவில்லை என்றால் பள்ளியின் ஆதரவுக் குழு எஸ்.என்.ஏ. 2 படிவத்தை எடுத்து, ஐ.எஸ்.பி. என்னும் தனி ஆதரவுத் திட்டத்தை வகுக்கும். அதுவும் போதாதபோதுதான் விஷயம் மாவட்ட ஆதரவுக் குழுவுக்குப் போய் எஸ்.என்.ஏ. 3 நிரப்பப்படும். சிறப்புப் பள்ளி என்ற பேச்சு எழ வேண்டிய இடம் அந்த மூன்றாம் படி. உங்கள் ஆசிரியை முதல் படியில் கால் வைக்காமலே மூன்றாம் படியைப் பற்றிப் பேசுகிறார்.

ஆகவே நாளைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். தலைமையாசிரியருக்கு ஒன்று, வகுப்பாசிரியைக்கு ஒரு பிரதி, தேதியோடு. மின்னஞ்சலில் அனுப்பினால் இன்னும் நல்லது. என் மகனுக்கு எஸ்.என்.ஏ. 1 தொடங்க வேண்டும், அதற்காக உங்களைச் சந்திக்க நேரம் தாருங்கள் என்று இரண்டே வரி போதும். பள்ளி வாசலில் நின்று எத்தனை முறை பேசினாலும் கோப்பில் ஒரு தாள் கூடச் சேராது. 1996-ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டம், 5-ஆம் பிரிவில், பொதுப் பள்ளி பாகுபாடு காட்டாமல் மாணவர்களைச் சேர்த்து அவர்களுடைய கல்வித் தேவையை நிறைவு செய்ய வேண்டும் என்கிறது. சிறப்புத் தேவை உள்ள பிள்ளையை எங்கே படிக்க வைப்பது என்று முடிவு செய்யும்போது பெற்றோரின் உரிமையையும் விருப்பத்தையும் கருத வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. இதை முதல் கடிதத்திலேயே எடுத்து வீச வேண்டாம். தெரிந்து வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் போதும், உங்கள் குரலே மாறிவிடும்.

சந்திப்புக்குப் போகுமுன் ஒரு வாரம் வீட்டில் கவனித்து எழுதி வையுங்கள். "எழுத மாட்டான்" என்று எழுதாதீர்கள். எத்தனை வரியில் பென்சிலை வைத்தான், கை வலிக்கிறது என்றானா, நின்றுகொண்டு எழுதினால் எவ்வளவு நேரம் தாங்கினான், காலையில் எப்படி, மாலையில் எப்படி என்று எழுதுங்கள். பார்வையையும் செவியையும் இதற்கிடையில் சோதித்துவிடுங்கள். சளி கட்டிக் காது மந்தமான பிள்ளைகள் கவனமில்லாதவர்கள் என்று பெயர் வாங்கியதை நான் பல முறை கண்டிருக்கிறேன். ஆசிரியையிடம் கேட்க வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி, அவர் கைக்கு எட்டும் முன்வரிசையில் இடம். பத்துக் கணக்குக்குப் பதில் ஐந்து, அவை முடிந்த பின் மீதி ஐந்து. எழுத்துத் தேர்வில் சிலவற்றையாவது வாய்மொழியாகக் கேட்பது. பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் பிரதி எடுத்த தாள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க ஒரு காரணம். வருகைப் பதிவேட்டை அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் வேலையை இப்படிப்பட்ட பிள்ளையிடம் கொடுத்தால் அவனுக்கும் கால் ஆறும், வகுப்பில் அவன் மதிப்பும் கூடும்.

மூன்றாம் வகுப்பில் நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். கிரேடு ஆர் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆண்டு) முதல் 3 வரையிலான அடிப்படைக் கட்டத்தில் ஒருமுறைதான் நிறுத்திவைக்க முடியும். எந்த ஆதரவும் மாறாமல் அதே பாடத்தை அதே விதமாக இன்னோர் ஆண்டு நடத்துவதில் என்ன லாபம் என்று கேளுங்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பத்தோர் ஆண்டு ஆசிரியப் பணியில் தொடக்கக் காலத்தில் ஒரு பையனின் அறிக்கையில் "சோம்பேறி" என்று நானே எழுதியிருக்கிறேன். அவன் கைக்கு எழுத்து வராமல் இருந்ததே தவிர மனத்துக்கு எல்லாம் வந்தது என்பது, பல ஆண்டுகள் கழித்துச் சிறப்புக் கல்விப் பயிற்சிக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்த அறிக்கையை அவனுடைய அம்மா இன்னும் வைத்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். உங்கள் ஆசிரியையிடம் கோபப்படுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பிள்ளைகளோடு நிற்பவருக்குப் படிவத்தின் பெயரே தெரியாமல் இருக்கலாம்.

கேள்வி: மகனுக்கு ஒன்பது வயது. ஏ.டி.எச்.டி. என்று டாக்டர் ரிட்டாலின் எழுதினார். மாதாமாதம் புதுச் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் தர மறுக்கிறார்கள். "இவ்வளவு கெடுபிடி என்றால் அது போதை மருந்துதானே?" என்கிறார் மாமியார். நானும் சிறு வயதில் இப்படித்தான் இருந்தேன், எந்த மாத்திரையும் விழுங்கவில்லை. – ஒரு தந்தை, பீனிக்ஸ்

பதில்: மாமியாரின் சந்தேகம் நியாயமானது, விடைதான் வேறு. ரிட்டாலினில் உள்ள மெத்தில்ஃபெனிடேட் தென்னாப்பிரிக்க மருந்துச் சட்டத்தில் ஷெட்யூல் 6 என்னும் கடுங்கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. தேவையில்லாதவர்கள் தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்பதால் ஒரு சீட்டுக்கு 30 நாள் மருந்துக்கு மேல் தரக் கூடாது, அதே சீட்டில் மறுபடி வாங்கவும் முடியாது. கடுமையான வலிக்குத் தரும் மார்ஃபினும் அதே வரிசையில்தான் இருக்கிறது; அதற்காகப் புற்றுநோயாளியை யாரும் போதைக்காரர் என்பதில்லை. மூளையில் டோபமைன், நோர்அட்ரினலின் ஆகிய, செய்தி கடத்தும் இரண்டு இரசாயனங்களும் கிடைக்கும் அளவை இந்த மருந்து உயர்த்துகிறது. சாதாரண மாத்திரையின் வேலை ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். பசி குறையலாம், இரவுத் தூக்கம் தள்ளிப்போகலாம். ஆகவே காலையில் வயிறு நிறைய உண்ட பின் மாத்திரை, மாலையில் பசி திரும்பும்போது இன்னொரு முழுச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரம், எடை, நாடி, இரத்த அழுத்தம் ஆகியவற்றை டாக்டர் அவ்வப்போது பார்க்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளை பொம்மைபோல் உட்கார்ந்துவிட்டான் என்றால் அமைதியாகிவிட்டான் என்று மகிழாதீர்கள், அளவு பொருந்தவில்லை என்று டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாகக் கூட்டுவதும் நிறுத்துவதும் வேண்டாம். பள்ளியில் தர வேண்டிய மாத்திரையைச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து அனுப்பவே கூடாது. அலுவலகத்தில் எழுத்து மூலம் ஒப்படையுங்கள்.

"நானும் இப்படித்தான் இருந்தேன்" என்ற உங்கள் வரியை இரண்டு முறை படித்தேன், ஐயா. ஏ.டி.எச்.டி. குடும்பத்தில் வழிவழியாக இறங்குவது. தந்தைக்கு இருந்து மகனுக்கு வருவது மிகச் சாதாரணம். அந்த வயதில் எத்தனை அடி வாங்கினீர்கள், எந்த வகுப்போடு நின்றீர்கள் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். மாத்திரை மகனுக்கு வாய்ப்பாடு சொல்லித் தராது என்பதும் உண்மைதான்; முதல் பதிலில் சொன்ன வகுப்பறை மாற்றங்கள் அவனுக்கும் வேண்டும்.

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து மிட்ரண்டுக்குக் குடிவந்து மூன்றாண்டு ஆகிறது. ஐந்து வயது மகளுக்கு ஆட்டிசம். பேச்சு தாமதம், விளம்பர வசனங்களை அப்படியே திருப்பிச் சொல்வாள். "ஒரு மொழியோடு நிறுத்துங்கள், வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்" என்று ஒருவர் ஆலோசனை சொன்னதிலிருந்து என் கணவர் தமிழை நிறுத்திவிட்டார். எனக்கு ஆங்கிலத்தில் கொஞ்சவோ கண்டிக்கவோ வரவில்லை. – ஒரு தாய், மிட்ரண்ட்

பதில்: கடைசி வரியிலேயே விடையையும் எழுதிவிட்டீர்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு இன்னும் பிந்தும் என்பது பலரும் நம்பும் விஷயம். ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. இருமொழி வீட்டில் வளரும் ஆட்டிசப் பிள்ளைகளையும் ஒருமொழி வீட்டுப் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், முன்னவர்கள் அதனால் பின்தங்கிப் போனதாகத் தெரியவில்லை. நஷ்டம் வேறு இடத்தில் வருகிறது. தாய் தனக்குச் சரளமில்லாத மொழிக்கு மாறினால் அவள் பேசும் வாக்கியம் குறுகுகிறது, பாட்டு நிற்கிறது, கதை நிற்கிறது, தொலைபேசியில் பாட்டியின் பேச்சு பிள்ளைக்கு வெறும் ஓசையாகிறது. பேச்சு தாமதமான பிள்ளைக்குத்தான் வீட்டில் சொல் வளம் அதிகம் வேண்டும். அவளிடமிருந்தா அதைப் பிடுங்குவது?

பேச்சுச் சிகிச்சையாளரிடம் போகும்போது மகளுக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களையும் ஆங்கிலச் சொற்களையும் ஒரே பட்டியலாக எழுதிக்கொண்டு போங்கள். "தண்ணி"யும் "வாட்டர்" என்பதும் இரண்டு சொற்களே. ஆங்கிலத்தை மட்டும் எண்ணினால் அவள் கணக்குப் பாதியாகிவிடும். அன்றாடக் காரியங்களுக்கு மாறாத சொற்களை வைத்துக்கொள்ளுங்கள்: குளிக்க ஒரே அழைப்பு, செருப்புப் போட ஒரே வாக்கியம், படத்தோடு. அவள் ஆங்கிலத்தில் கேட்டாலும் கேட்டதைக் கொடுத்துவிட்டு, அதே சொல்லைத் தமிழில் ஒருமுறை சொல்லி விடுங்கள். தமிழில் சொன்னால்தான் தருவேன் என்று பிடிவாதம் வேண்டாம். விளம்பர வசனத்தைத் திருப்பிச் சொல்வதும் வீண் பேச்சன்று. எந்தச் சமயத்தில் எந்த வசனம் வருகிறது என்று குறித்துப் பாருங்கள். பசிக்கு ஒன்று, பயத்துக்கு ஒன்று என்று அவள் ஏற்கெனவே ஒரு அகராதி வைத்திருப்பது தெரியவரலாம்.

தமிழை விடுங்கள் என்பது இந்த நாட்டில் புதிய ஆலோசனை அன்று. 1860 நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு வந்த ட்ரூரோ கப்பலில், ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களோடு தொடங்கிய கதை எங்களுடையது. பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடுதான் ஒவ்வொரு தலைமுறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழைக் கைவிட்டது. என் வீட்டில் கடைசியில் சமையற்கட்டுச் சொற்களும் தேவாரமும் மட்டும் மிஞ்சின. நான் எழுதப் படிக்கக் கற்றது கோயில் மண்டபத்து மாலை வகுப்பில். உங்கள் கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: பேரன் கிரேடு 5. பள்ளியில் தங்கமான பிள்ளை என்று பெயர். வீட்டு வாசலில் கால் வைத்ததும் பையை எறிந்து, கத்தி, தம்பியை அடித்து, அரை மணி நேரம் ஓய மாட்டான். ஆட்டிசம் என்று இரண்டு வருடத்துக்கு முன் சொன்னார்கள். "பள்ளியில் அடங்கி நடப்பவன் வீட்டில் ஆடுகிறான் என்றால் தாய் கொடுத்த செல்லம்தான்" என்று சம்பந்தி வீட்டார் என் மகளைப் பேசுகிறார்கள். – ஓர் ஆயா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: ஆயா, நாள் முழுவதும் தலையில் பாரம் சுமந்தவர் அதை எங்கே இறக்குவார்? வீட்டில்தானே. மணியோசை, சலசலப்பு, மற்றவர் முகம் பார்த்துப் பேசும் முயற்சி, கையை ஆட்டத் தோன்றும்போது அடக்கிக்கொள்வது என்று ஆறு மணி நேரம் அவன் தன்னை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மற்றப் பிள்ளைகளுக்குத் தானாக வருவதை அவன் யோசித்து யோசித்துச் செய்கிறான். பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் கட்டு அவிழ்கிறது. சம்பந்தியிடம் சொல்லுங்கள்: என் மகளை அவன் நம்புகிறான் என்பதற்கு அது அடையாளம்.

அதற்காகத் தம்பி அடி வாங்க வேண்டியதில்லை. பேரன் வரும் நேரத்தில் தம்பியை நீங்கள் தோட்டத்துக்கோ அடுத்த அறைக்கோ அழைத்துப் போய்விடுங்கள். இந்தக் குடும்பத்தில் இதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை. வாசலில் கேள்வி கேட்காதீர்கள், "இன்று பள்ளி எப்படி?" என்பது அந்த நேரத்தில் அவனுக்கு இன்னொரு பரீட்சை. சீருடையை மாற்றிக்கொண்டு, கடித்துத் தின்ன ஏதாவது எடுத்துக்கொண்டு, போர்வைக்குள்ளோ மேசைக்கடியிலோ அரை மணி நேரம் அவன் தனியாக இருக்கட்டும். கத்தல் தொடங்கிவிட்டால் புத்தி சொல்லாமல், பக்கத்தில் கூர்மையான பொருள் இல்லாமல் பார்த்துக்கொண்டு காத்திருங்கள். நினைத்ததைப் பெறுவதற்காக அழும் பிள்ளை நம் முகத்தை ஓரக்கண்ணால் பார்க்கும், நிலைகுலைந்த பிள்ளை பார்க்காது. வீட்டுப்பாடம் மாலைக்குப் பிறகு, பாதி அளவு. அந்தப் பாதியைப் பள்ளி எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். வகுப்பில் அவன் தொல்லை தராததால் அவனுக்கு ஆதரவு தேவையில்லை என்று ஆசிரியர்கள் எண்ணுவார்கள். மாலையில் நடப்பதைத் தேதி வாரியாக மகள் எழுதி, எஸ்.என்.ஏ. 1 உரையாடலுக்கு எடுத்துச் செல்லட்டும்.

கேள்வி: மகள் கிரேடு 9. டிஸ்லெக்சியா உறுதியாகிவிட்டது. மெட்ரிக்கில் (கிரேடு 12 இறுதித் தேர்வில்) கூடுதல் நேரம் கிடைக்குமா? இரண்டாம் மொழிப் பாடமான ஆப்பிரிக்கான்ஸ் அவளைக் கொல்கிறது. – டோங்காட்

பதில்: கூடுதல் நேரம், வினாத்தாளைப் படித்துக் காட்டுபவர், சொல்வதை எழுதுபவர், தனி அறை ஆகியவை கன்செஷன் என்ற பெயரில் உண்டு. மெட்ரிக் ஆண்டில் கேட்டால் தாமதம். இப்போதே பள்ளித் தேர்வுகளில் அந்தச் சலுகையைக் கொடுத்துப் பார்த்த பதிவு இருந்தால்தான் கல்வித் துறைக்குப் போகும் விண்ணப்பம் வலுப்பெறும். டிஸ்லெக்சியா உறுதியான மாணவர் நாட்டின் அதிகாரபூர்வ மொழிகளில் இரண்டுக்குப் பதில் ஒன்றை மட்டும் எடுத்து, மற்றதற்கு ஈடாக வேறு பாடம் எடுக்கவும் மெட்ரிக் விதிகளில் இடமிருக்கிறது. கிரேடு 10-க்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன் பள்ளியிடமும் மாவட்ட அலுவலகத்திடமும் இதைக் கேட்டுவிடுங்கள். அவள் போக விரும்பும் பல்கலைக்கழகப் படிப்பு இரண்டாம் மொழியைக் கேட்கிறதா என்பதையும் அன்றைக்கே பாருங்கள்.

கேள்வி: ஏ.டி.எச்.டி. பிள்ளைக்கு சாசாவில் (அரசின் சமூக உதவித்தொகை நிறுவனத்தில்) கேர் டிபெண்டன்சி மானியம் கிடைக்குமா? – மெரபேங்க்

பதில்: அது கடுமையான இயலாமையால் வீட்டில் முழுநேரப் பராமரிப்பு தேவைப்படும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கானது, மருத்துவ மதிப்பீடும் வருமான வரம்பும் உண்டு. ஏ.டி.எச்.டி. மட்டும் இருந்தால் கிடைப்பது அரிது. வரி கட்டுபவராக இருந்தால் இயலாமையை டாக்டர் உறுதி செய்யும் ஐ.டி.ஆர்.-டி.டி. என்ற வரிப் படிவத்தைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பாதிப்பு மிதமானது முதல் கடுமையானது வரை என்று அவர் உறுதி செய்தால் மருத்துவச் செலவுக்கு வரியில் சலுகை கிடைக்கலாம்.

கேள்வி: பதினோரு வயது மகனுக்கு ஆட்டிசம். தைப்பூசக் காவடியன்று மேளம் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு சாலைக்கு ஓடிவிட்டான். நல்லவேளை, யாரோ பிடித்தார்கள். வேண்டுதல் பாக்கி இருப்பதால்தான் இப்படி என்கிறார்கள் பெரியவர்கள். சித்ரா பௌர்ணமிக்கு அழைத்துப் போகலாமா, வீட்டில் விடலாமா? – ஐசிப்பிங்கோ

பதில்: வேண்டுதலை நீங்கள் நிறைவேற்றிக்கொள்ளுங்கள், அது உங்களுக்கும் முருகனுக்கும் உள்ள கணக்கு. பையன் ஓடியது மேளத்தின் சத்தத்துக்குப் பயந்து. நமக்கு ஆனந்தமாக இருக்கும் ஓசை அவன் காதில் வலியாக இறங்குகிறது.

வீட்டில் விட்டுவிட வேண்டியதில்லை, ஆனால் முன்பழக்கம் இல்லாமல் திருவிழாவன்று நேராக அழைத்துப் போகவும் வேண்டாம். கொடியேற்றத்தன்று கூட்டம் குறைவு. அன்று கூட்டிப் போய், கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி, எந்த வாசலில் நுழைவோம், எங்கே உட்காருவோம், வெளியே போக வேண்டுமென்றால் எந்த வழி என்று காட்டுங்கள். கைப்பேசியில் படம் எடுத்துத் தினமும் அவனோடு பாருங்கள். தொழிற்சாலைக்காரர் போடும் காதடைப்பான் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். வீட்டில் சில நாள் போட்டுப் பழகட்டும். திருவிழாவன்று விடியற்காலை அபிஷேகத்துக்கு மட்டும் போங்கள், ஊர்வலத்துக்கு வேண்டாம். குடும்பத்தில் ஒருவர் அன்றைக்குக் காவடியோ பால்குடமோ எடுக்காமல் அவனுக்கென்றே ஒதுங்கி இருக்க வேண்டும். அவரிடம் கார் சாவி இருக்கட்டும், கார் வெளியே போகும் திசையில் நிற்கட்டும். இருபது நிமிடம் இருந்துவிட்டுக் கிளம்பினாலும் அவனும் வந்தான் என்றே கணக்கு. சட்டைப்பையில் உங்கள் கைப்பேசி எண் எழுதிய துணியை உள்பக்கமாகத் தைத்துவிட மறக்காதீர்கள்.